தொட்டதும் நிற்கும் கை



என் மூத்த ராத்தாவின் மகன் 2022இல் தென் கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். டெலிபோன் வந்தால் ராத்தா கேட்பது, "சாப்பிட்டியா மகன்?" நான் கேட்பது தொழுகையைப் பற்றி. பக்கத்தில் என்ன மெசின் ஓடுகிறது என்று இருவருமே கேட்டதில்லை. 2023 நவம்பரில் வந்த ஒரு செய்திதான் கேட்க வைத்தது.

அந்நாட்டில் குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோக் கை ஒன்று, அதன் சென்சரைப் பரிசோதிக்கப் போன மனிதரைப் பிடித்து நசுக்கிவிட்டது. இறந்துவிட்டார். அதற்குப் பெட்டிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிதாபு ஓதிக்கொடுக்கும் எனக்கு மெசின் விஷயம் தெரியாது. மருமகன்தான் பொறுமையாக விளக்கினான். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த 'யுனிமேட்' முதற்கொண்டு இந்தக் கைகள் பலமும் வேகமும் உள்ளவை. உணர்ச்சி மட்டும் இல்லை. ஆகவே சுற்றிக் கம்பி வேலி. கதவைத் திறந்தால் மெசின் நின்றுவிட வேண்டும்.

பிறகு மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கைகளைச் செய்தார்கள். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் கம்பெனி 2008இல் அப்படி ஒன்றை விற்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூட்டிலும் மோட்டார் இழுக்கும் கரண்டை அது கவனித்துக்கொண்டே இருக்கும். கணக்குக்கு மேல் இழுத்தால் எதிலோ முட்டிவிட்டது என்று நின்றுவிடும். இருட்டில் பிள்ளை மேல் கை பட்டதும் நீங்கள் எடுத்துக்கொள்வதில்லையா, அதுபோல.

எவ்வளவு அழுத்தினால் வலிக்கும்? ஜேர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரின் உடம்பில் 29 இடங்களில் அழுத்திப் பார்த்தே அளந்தார்கள். 2016இல் வந்த சர்வதேச விதிக்கோவையில் முகத்துக்கு அழுத்தும் விசை 65 நியூட்டன் வரைதான். ஏறத்தாழ ஆறரைக் கிலோ பாரம். நெற்றிக்கு 130. எனக்கு மனதில் நின்ற விஷயம் இதுதான். யாரோ உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"அப்ப பயமில்லையே?" என்றேன்.

"கை மெதுவாத்தான் இடிக்கும் மாமா. கையில இருக்கிறது கத்தியா இருந்தா?"

அவனுடைய இடத்தில் உள்ளதும் இந்த மென்மையான ரகம்தான். தூக்குவதோ விளிம்பு கூரான தகடு. அதனால் வேலி வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னான். ஆள் கிட்ட வந்தால் மெதுவாகி, இன்னும் நெருங்கினால் நிற்கும்படி சில கைகளை அமைத்திருப்பார்கள். ஆனால் அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும், மேற்பார்வையாளர் ஏசுவார். ஆகவே கதவின் சுவிட்சை ஏமாற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு. எவ்வளவு படித்தவர் வடிவமைத்தாலும், இந்த அவசரத்தையும் கணக்கில் எடுக்காவிட்டால் அது அரைகுறைதான் என்பது என் அபிப்பிராயம்.

"நீ போனியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டு தரம், மாமா."

ராத்தா பக்கத்தில் இருந்தா. ஒன்றும் பேசவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டா.

துப்புரவுக்கோ திருத்தவோ உள்ளே போகிறவர் கரண்டை நிறுத்தி, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைத் தன் பொக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எவரும் தவறுதலாகக்கூட ஓடவிட முடியாது. அவனுக்கும் ஒரு பூட்டுக் கொடுத்திருக்கிறார்களாம், அலுமாரியில் கிடந்ததாம். கொரியாவிலோ ஜப்பானிலோ பிள்ளை வைத்திருக்கும் தாய்மார் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ராத்தா இப்போது சாப்பாட்டுக்கு முந்தி அதைத்தான் கேட்கிறா. "திறப்பு எங்க மகன்?" அவன் போனுக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும்.