கறுப்பு உடுத்தி வந்த விசுவாசிகள்

மார்ச் 5, 2025. திருநீற்றுப் புதன்

இன்று கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் அது. மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே போகிறவர்கள் என்று நினைவூட்டித்தான் குரு அதைப் பூசுகிறார். வருஷம் முழுக்கக் கறுப்பு உடுத்தி, கண்ணைச் சுற்றி அப்பிய மையும் விரலில் மண்டையோட்டு மோதிரமுமாகத் திரியும் கோத் இளைஞர்களைப் பார்த்து, ‘ஏன் இப்படிச் சாவைச் சுமந்துகொண்டு அலைகிறார்கள்?’ என்று முகம் சுளிக்கும் பங்குமக்களும் இன்றைக்கு அதே சாவைத்தான் நெற்றியில் சுமக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்குக் கறுப்புச் சட்டை என்றதும் பெரியார் தொண்டர்களும் ஐயப்ப பக்தர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள். ஒரே நிறம்தான், நம்பிக்கைகள் எதிரும் புதிரும். ஐரோப்பாவின் கறுப்புக்கும் அப்படிப் பல வீடுகள் உண்டு. 1979இல் பௌஹாஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. 1982 ஜூலையில் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்தது. இப்படி வளர்ந்த கோத் உலகம் சிலுவை, ஜெபமாலை, கல்லறைத் தேவதை, மெழுகுவத்தி என்று அலங்காரத்தின் பெரும்பகுதியைக் கோயிலிலிருந்தே எடுத்துக்கொண்டது. லீட்ஸ் நகரின் புகழ்பெற்ற குழுவுக்குப் பெயரே ‘சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி’. லெனார்ட் கோஹனின் பாட்டிலிருந்து எடுத்த பெயர்தான் என்றாலும், அதே பெயரில் 1831இல் டப்ளினில் தொடங்கிய கன்னியர் சபை இன்றும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்திக்கொண்டிருக்கிறது.

ரோமில் வியா வெனெத்தோ தெருவில் கப்புச்சின் சபையாரின் ஆலயம் ஒன்று இருக்கிறது. அதன் நிலவறையில் சுமார் 3,700 துறவிகளின் எலும்புகளைக் கொண்டே சுவரும் கூரையும் அலங்கரித்திருக்கிறார்கள். முதுகெலும்புக் கண்ணிகள் கூரையில் பூங்கொடியாக ஓடுகின்றன, தொங்கும் விளக்குகளும் எலும்பால் ஆனவை. இடையில் பழுப்பு அங்கியும் முக்காடுமாகச் சில எலும்புக்கூடுகள் நிற்கின்றன. எந்த மெட்டல் இசைக்குழுவின் அட்டைப்படமும் இதற்கு அருகில் வராது. இதைச் செய்தவர்கள் துறவிகள், செய்தது ஜெபமாக. இந்த மரபில் வந்த ஒரு திருச்சபைக்குக் கறுப்பு உடுத்திய பிள்ளை அந்நியம் என்றால் நம்பமுடியவில்லை.

ஏப்ரல் 14. பெரிய வாரத் திங்கள்

பீட்டர் ஸ்டீல் இறந்து இன்றோடு 15 ஆண்டுகள். புரூக்ளினைச் சேர்ந்த ‘டைப் ஓ நெகட்டிவ்’ குழுவின் பாடகர். ஆறரை அடியைத் தாண்டிய ஆள், இடுப்புவரை கறுத்த கூந்தல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, விசுவாசத்தை விட்டு விலகி, போதையிலும் சிறையிலும் உழன்று, கடைசி ஆண்டுகளில் கோயிலுக்குத் திரும்பினார். நடுவயதில் சாவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததும், அதற்கு அப்பால் என்ன என்ற கேள்வி தானாக வந்தது என்று பேட்டியில் சொன்னார். ஸ்டாலினும் ஹிட்லரும் அன்னை தெரசாவும் போய்ச் சேரும் இடம் ஒன்றேதான் என்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபின் அவர் கூந்தலை வெட்டிக்கொள்ளவில்லை, குழுவையும் கலைக்கவில்லை.

ஜூன் 8. பெந்தகோஸ்து

இன்று பூசையில் சிவப்புத் திருவுடை. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மட்டும் தெருவெல்லாம் கறுப்பு. அங்கே ஆண்டுதோறும் பெந்தகோஸ்து விடுமுறையில்தான் ‘வேவ் கோத்திக் டிரெஃபென்’ என்ற விழா நடக்கிறது. 1992இல் இரண்டாயிரம் பேரோடு தொடங்கியது, இப்போது இருபதாயிரம் பேர் அளவில் கூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பூங்காவில் விக்டோரியா காலத்து உடையில் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. விறைப்பான சரிகை, கறுப்புக் குடை, விதவைகளின் முகத்திரை. பக்கத்தில் குழந்தை வண்டி, அதற்கும் கறுப்புத் துணி.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, பங்க், ஹெவி மெட்டல், கோத் இளைஞர்களை வகைவகையாகப் பிரித்துக் கோப்புப் போட்டு வைத்திருந்தது. உடுப்பே குற்றத்தின் அடையாளமாக இருந்த நாட்டில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவற்றில் கோயில்களும் உண்டு, முக்கியமாக லூத்தரன் கோயில்கள். நிறுவனத்தின்மேல் நம்பிக்கையற்ற தலைமுறை ஒன்று கோயில் வாசலைத் தஞ்சமாகப் பார்த்திருக்கிறது என்பது பெரிய விஷயம்.

லைப்சிக்கில் கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மை. ஆனாலும் 2015இல் நகரமன்றத்துக்கு எதிரிலேயே செந்நிறக் கல்லில் புதிய திரித்துவ ஆலயம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் நடந்துபோகும் தூரம்தான்.

ஜூன் 22. நற்கருணைத் திருவிழா ஞாயிறு

பிரான்சில் கிளிஸோன் என்ற சிற்றூரில் இன்று ‘ஹெல்ஃபெஸ்ட்’ முடிகிறது. 2006இல் தொடங்கிய மெட்டல் விழா. பெயரிலேயே நரகம் இருப்பதால் கத்தோலிக்க அமைப்புகளும் சில அரசியல்வாதிகளும் பல ஆண்டுகள் இதைத் தடுக்கப் போராடினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேடையில் சிலுவையைக் கேவலப்படுத்திய குழுக்கள் உண்டு. நார்வேயில் 1992 முதல் பழைய மரக்கோயில்களைக் கொளுத்தியவர்களில் பிளாக் மெட்டல் இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். அது பாவனை இல்லை, நிஜத் தீ.

ஆனால் அதே பிரான்சில் ரொபேர் குலா என்ற மறைமாவட்டக் குரு வேறு வழியில் போனார். மெட்டல் கேட்கும் நூற்றுக்கணக்கான இளைஞர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, என்ன கேட்கிறார்கள், எதை நம்புகிறார்கள், ஏன் இந்த உடுப்பு என்று பதில் வாங்கி, 2007இல் ‘மெட்டலின் யுகம்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாகப் போட்டார். கண்டிப்பதற்கு முன் கேட்டுப் பார்த்த மனிதர். ஒரு குருவிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

ஜூலை 5

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி, வில்லா பார்க் கால்பந்து மைதானம். ‘பிளாக் சாபத்’ மெட்டல் குழுவின் கடைசிக் கச்சேரி. ஓஸி ஆஸ்போர்ன் பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற இருக்கையில் உட்கார்ந்தே பாடினார். முதல் நால்வரும் சேர்ந்து மேடையேறி இருபது வருஷம் ஆகிவிட்டது.

அந்த நால்வரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் கீஸர் பட்லர்தான் இந்த விஷயத்தில் முக்கியமானவர். 1949இல் ஆஸ்டனில், அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தில், ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவர். சின்ன வயதில் குருவாகப் போகும் ஆசை இருந்தது. பிறகு மாந்திரீகப் புத்தகங்களில் ஈடுபாடு வந்தது. அறைச் சுவரைக் கறுப்பாக அடித்து, தலைகீழ்ச் சிலுவைகள் மாட்டினார். ஓஸி ஒருநாள் பழைய மாந்திரீகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிரவு விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் கறுத்த உருவம் ஒன்று நின்று தன்னையே பார்த்ததாகவும், எழுந்து போய்ப் பார்த்தபோது அலமாரியில் வைத்த புத்தகத்தைக் காணவில்லை என்றும் பட்லர் பலமுறை சொல்லியிருக்கிறார். அத்தோடு மாந்திரீகம் போதும் என்றாகிவிட்டது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாட்டு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. சாத்தானைக் கண்டு மிரண்டு கடவுளைக் கூப்பிடும் ஒருவனின் பாட்டு அது. சாத்தானுக்குத் துதி என்று அதை எப்படிக் கேட்டார்களோ!

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை முதல் ஆல்பம் வந்தது. அட்டையைப் பிரித்தால் உள்ளே பெரிய தலைகீழ்ச் சிலுவை. இசைக்கம்பெனி குழுவைக் கேட்காமல் போட்டது அது. குழுவினர் கழுத்தில் போட்டிருந்ததோ நேரான சிலுவை. ஓஸியின் அப்பா ஜாக், தொழிற்சாலைத் தொழிலாளி, தன் கையாலேயே அலுமினியத்தில் செய்து நால்வருக்கும் கொடுத்தார். பின்னாளில் உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் கழுத்தில் தொங்கும் சிலுவைகளுக்கு மூலம் தேடிப் போனால், மகனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்த ஒரு தகப்பனின் பட்டறை வேலையில் போய் நிற்கிறோம்.

1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்ற பாட்டு. எழுதியவர் பட்லர். கடவுளைக் கிண்டல் செய்வது நாகரிகமாகிவிட்ட காலத்தில், கூட்டம் சொல்வதைக் கேட்டுத்தான் விசுவாசத்தை விட்டாயா, சாகும்போது என்ன செய்வாய் என்று நேராகவே கேட்கும் பாட்டு. மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்த பையனால்தான் இதை எழுத முடியும்.

இதே மேடையில் இன்று ‘ஸ்லேயர்’ குழுவும் வாசித்தது. அதன் பாடகர் டாம் அராயா சிலியில் பிறந்த கத்தோலிக்கர், விசுவாசத்தை ஒளிக்காதவர். குழுவின் கிட்டார் கலைஞர் கெர்ரி கிங்கோ கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். கிங் எழுதிய வரிகளை அராயா பாடினார். கடவுள் நம் எல்லோரையும் வெறுக்கிறார் என்ற பொருளில் ஓர் ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்தார்கள். கடவுள் வெறுப்பவர் அல்லர், ஆனால் தலைப்பு பிரமாதம் என்பது அராயாவின் பதில். வார்த்தைகளால் தன் விசுவாசம் ஆடாது என்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தப் பதில் போதாது. உடுப்பைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். வாயால் பாடுவதற்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, அதுவும் நாவில் நற்கருணை வாங்குகிறவருக்கு. கறுப்பு உடையைக் குறைசொல்லும் பங்குமக்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வருத்தம்.

செப்டம்பர் 7

திருத்தந்தை பதினான்காம் லியோ இன்று கார்லோ அக்குத்திஸைப் புனிதராக அறிவித்தார். 2006இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்த பையன். அசிசியில் ஒரு கோயிலில் கண்ணாடிக் கல்லறைக்குள் ஜீன்ஸும் நைக்கி ஷூவும் ஜிப் வைத்த மேலாடையுமாகக் கிடக்கிறான். அந்தக் கோயில் இருக்கும் இடம் இன்னும் முக்கியம். புனித பிரான்சிஸ், துணி வியாபாரி மகன், ஆயரின் முன்னிலையில் போட்டிருந்த விலையுயர்ந்த ஆடையெல்லாம் கழற்றித் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றது அங்கேதான். பிறகு அவர் போட்டுக்கொண்ட முரட்டுத் துணியும் இடுப்புக் கயிறும் அந்த ஊருக்குப் பைத்தியக்காரன் வேஷம். கல்லெறிந்திருக்கிறார்கள். இன்று அதைப் புனித உடை என்கிறோம்.

உடுத்தும் அடக்கம் எது என்பது கலாச்சாரத்துக்குக் கலாச்சாரம் மாறும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2524ஆம் பத்தியில் ஒப்புக்கொள்கிறது. 2018இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கற்பனையும் நாகரிக உடையும் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. வத்திக்கான் சிஸ்டைன் திருவுடை அறையிலிருந்து சுமார் 40 பொருள்களை அனுப்பியது. 16 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். தொடக்க விருந்துக்குக் கர்தினால் டோலன் போனார், பாடகி ரிஹானா மணி பதித்த ஆயர்முடி போன்ற ஒன்றை அணிந்து வந்தார். பெரிய மனிதர்களின் விருந்தில் இவ்வளவுக்கும் இடம் இருக்கும்போது, ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சில் உட்காரும், உதட்டில் வளையம் போட்ட பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

செப்டம்பர் 27

1997இல் இதே நாள் பொலோஞ்ஞாவில் பாப் டிலன் இரண்டாம் ஜான் பால் முன்பாகப் பாடினார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்த் திருத்தந்தையை வணங்கினார். கர்தினால் ராட்சிங்கருக்கு அந்த ஏற்பாட்டில் ஒப்புதல் இல்லை. ராக் கூட்டங்களில் மனிதர் தன்னை மறந்து கூட்டத்தில் கரைவது வழிபாட்டுக்கு நேர் எதிரானது என்று 2000இல் வழிபாடு பற்றிய நூலில் எழுதினார். அவர் சொன்னதைப் பலர் பாதிதான் எடுத்துக்கொள்கிறார்கள். பூசைக்குள் என்ன இசை என்பது ஒரு கேள்வி. அதற்கு அவர் பதில் வலுவானது. சனிக்கிழமை இரவு மெட்டல் கச்சேரிக்குப் போனவர் ஞாயிறு காலை பூசைக்கு வரலாமா என்பது வேறு கேள்வி.

அதே பொலோஞ்ஞாவில் 2008 ஜூனில், ‘காட்ஸ் ஆஃப் மெட்டல்’ மேடையில் வெண்தாடியும் பழுப்பு அங்கியும் கயிறுமாக ஒரு கப்புச்சின் சகோதரர் ஏறினார். சேசரே பொனிஸி, வயது 60 தாண்டியவர். மெட்டாலிகா கச்சேரி ஒன்றைப் பார்த்து அந்த இசையில் விழுந்தவர். அடுத்த ஆண்டே விலகிக்கொண்டார். புகழ் தன்னைச் சபைச் சகோதரர்களிடமிருந்தும் குழுவினரிடமிருந்தும் பிரிக்கப் பார்த்தது, அது சாத்தான் வேலை என்று காரணம் சொன்னார். பழியை இசைமேல் போடவில்லை. கிட்டாரிலும் உறுமலிலும் உலகமே தேடிய சாத்தானை அந்தத் துறவி பத்திரிகைப் புகைப்படத்தில் கண்டுபிடித்தார்.

அக்டோபர் 28

மெக்சிகோ நகரம், ஹிடால்கோ மெட்ரோ நிலையத்தை ஒட்டிய சான் இப்போலித்தோ ஆலயம். இன்று புனித யூதா ததேயு திருநாள். மாதாமாதம் 28ஆம் தேதி கூடும் கூட்டமே பெரிது, இன்று சாலையை அடைத்துவிடுகிறார்கள். பச்சை மேலாடை போர்த்திய சுரூபங்கள், கையளவிலிருந்து ஆளுயரம் வரை. சிலர் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து வருகிறார்கள். கிளாரெத்தியன் சபைக் குருக்கள் தீர்த்தம் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரெகேடான் இசைப் பிள்ளைகள் ஏராளம். சாயம் ஏற்றிய முடி, கோடு வெட்டிய புருவம், கேப், கழுத்தில் பச்சை மணி மாலை, முதுகிலோ புஜத்திலோ பச்சை குத்திய யூதா ததேயு. ஏழைப் பேட்டைகளிலிருந்து வருகிறவர்கள். பத்திரிகைகள் இவர்களைத் திருடர்கள், போதைப் பழக்கக்காரர்கள் என்று எழுதியிருக்கின்றன. போதைப் பழக்கம் பொய்யும் இல்லை, கரைப்பானைத் துணியில் நனைத்து முகர்ந்தபடி வரும் பையன்களும் உண்டு. யூதாஸ் என்ற பெயரொற்றுமையால் நீண்டகாலம் யாரும் கூப்பிடாத புனிதர் என்பதால்தான் கைவிடப்பட்டவர்களின் துணை ஆனார் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் வேறு யார் வருவார்கள்?

இந்தப் பிள்ளைகள் விசுவாசத்தையும் உடுப்பையும் இணக்கப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரையும் எழுதியதில்லை. காலையிலிருந்து இரவு வரை அடுத்தடுத்து நடக்கும் பூசைகளில் ஒன்றுக்கு வந்து, சுரூபத்தைத் தலைக்குமேல் உயர்த்தி, தீர்த்தம் பட்டதும் மெட்ரோவுக்குத் திரும்புகிறார்கள். நவம்பர் 28 வெள்ளிக்கிழமை. அன்றும் அதே பூசைகள்.