இரண்டெழுத்துப் பாடபேதம்

"அவுங்க புஸ்தகத்துலயே அப்படித்தான் இருக்கு தோழர்." ஜிகாத் என்று பேச்சு வந்தால் நம் கூட்டங்களிலேயே யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் புஸ்தகம், யார் பதிப்பித்தது என்று கேட்டால் பதில் வராது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பாடபேதம் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

மார்தின் இன்றைய துருக்கியில் இருக்கிறது. இப்னு தைமிய்யா (1263–1328) காலத்தில் மங்கோலியருக்கு அடங்கிய ஊர். குடிகளில் முஸ்லிம்கள் ஏராளம். அது பகைநாடா, சமாதான நாடா என்று அவரிடம் கேட்டார்கள். இரண்டுமில்லை, கலந்தது என்றார். அங்குள்ள முஸ்லிம்களின் உயிரிலும் உடைமையிலும் கை வைக்கக்கூடாது. மார்க்கச் சட்டத்தை மீறுகிறவன் அவனுக்குத் தக்கபடி 'நடத்தப்படுவான்'. அரபியில் அந்தச் சொல் யுஆமல். 1909இல் கெய்ரோவில் அச்சான தொகுப்பில் அது யுகாதல் ஆகிவிட்டது. (நம் காதுக்குக் காதல் கேட்கிறது, பொருளோ 'போரிடப்படுவான்'.) வித்தியாசம் இரண்டே எழுத்து.

எகிப்தின் மின்பொறியாளர் அப்துஸ் ஸலாம் ஃபரஜ் இந்த அச்சுப் பாடத்தைத் தன் 'மறக்கப்பட்ட கடமை'யில் எடுத்து வைத்தார். மங்கோலியர் கலிமா சொன்னார்கள், ஆண்டதோ செங்கிஸ்கான் சட்டப்படி. நம் ஆட்சியாளரும் அப்படித்தானே, ஐரோப்பியச் சட்டம்! இதுதான் அவர் வாதம். படையெடுத்துப் போகும் ஜிகாத் சமூகத்தின் பொதுக்கடமை, ஆட்சியாளர் தலைமையில் நடப்பது என்பதே பழைய சட்ட அறிஞர்களின் பொதுவான நிலை. அவர் அதைத் தொழுகை, நோன்பு மாதிரி ஆளாளுக்கு உரிய கடமையாக்கினார். யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. 1981 அக்டோபர் 6 அன்று சதாத் சுடப்பட்டார். 1982இல் ஃபரஜுக்கு மரணதண்டனை.

2010இல் மார்தினிலேயே அறிஞர்கள் கூடிப் பழைய பாடத்தை நிலைநாட்டினார்கள். மாணவர் இப்னு முஃப்லிஹின் மேற்கோளிலும் டமாஸ்கஸ் சுவடியிலும் 'நடத்தப்படுவான்'தான்.

அதற்காக எல்லாப் பழியையும் அச்சுக்கோத்தவன் தலையில் போட முடியுமா? மங்கோலியரோடு போரிடச் சொல்லும் ஃபத்வாக்களையும் இப்னு தைமிய்யா தந்திருக்கிறார். அவை சிரியாவுக்குள் படையோடு வந்தவர்களைப் பற்றியவை. அந்தப் படையைப் பிரதியிலிருந்து கழற்றிவிட்டுச் சொந்த நாட்டு அதிபரை அந்த இடத்தில் நிறுத்தினார் ஃபரஜ். எந்தப் பதிப்பாசிரியர் இதைத் திருத்துவார்? 2015இல் ஜோர்டான் விமானி ஒருவரைக் கூண்டில் அடைத்து உயிரோடு எரித்த ஐ.எஸ். ஆட்கள், அந்தப் படச்சுருளிலும் இப்னு தைமிய்யாவின் சில வரிகளை ஒட்டியிருந்தார்கள். எரிந்தவரும் முஸ்லிம்தான்.