சாம்பல் சேவலை வைத்துக்கொண்டோம்

2022 இல் நாங்கள், அதாவது அக்காவும் தம்பியும், வீட்டில் சும்மா இருந்தோம். ஒராள் ஏ.எல். எழுதிப்போட்டு பெறுபேறு வரும்வரைக்கும் காத்திருந்தாள். மற்றாள் பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடம் அடிக்கடி பூட்டுப்படுகிற சந்தோசத்தில் திரிந்தான். வவுனியாவில் எங்கட வளவில் அம்மாவின்ர ஊர்க்கோழிகள் பத்துப் பன்னிரண்டு நின்றன. எல்லாத்துக்கும் நிறத்தை வைத்துத்தான் பேர்: சிவலை, கறுப்பி, புள்ளிக்காரி. கறுப்பியை மட்டும் அம்மா ஒருநாளும் விற்கமாட்டா. கழிப்புக்குக் கறுப்புக் கோழி கேட்டு ஆக்கள் வருவினம். "அதுக்கெண்டு நான் வளர்க்கேல்லை" எண்டு படலையிலயே திருப்பி அனுப்பிவிடுவா.

நீல முட்டையின் படத்தைத் தம்பிதான் போனில் கண்டுபிடித்தான். சிலி நாட்டின் அரோக்கானா கோழிகள் இடுகிற முட்டை. அந்த இனத்தோடு கலந்த கோழிகளின் முட்டை எண்டு வேறு மாவட்டத்தில் ஒருவர் விற்றார். ஒன்று 300 ரூபா. சேர்த்து வைத்த காசில் ஆறு முட்டை எடுத்தோம். உமிக்குள் வைத்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. விலையைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. அந்த ஓகஸ்டில் அரசாங்கமே முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டது: வெள்ளை 43 ரூபா, சிவப்பு 45 ரூபா. உள்ளே இருக்கிற சத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் கோதின்ர நிறத்துக்கு 2 ரூபா கூட.

புள்ளிக்காரியை அடை வைத்தோம். 21 நாளில் நாலு குஞ்சு. ஒரு பேட்டுக்குஞ்சைப் பருந்து கொண்டுபோனது. மிச்சம் ஒரு பேடும் இரண்டு சேவலும். ஒரு சேவல் சிலேற்றுக்கல் மாதிரிச் சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் கொஞ்சம் கருமை. கோழி வளர்க்கிற ஆக்கள் இந்தச் சாம்பலைத்தான் நீலம் என்கிறார்கள். மற்றது அழுக்கு வெள்ளை, அதில் மை தெறித்த மாதிரிப் புள்ளிகள்.

இந்த நீலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் எல்லாம் நீலமாக வராது. சராசரியாக நாலில் ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி விழுந்த வெள்ளை, இரண்டு நீலம். கறுப்பையும் அந்தப் புள்ளி வெள்ளையையும் சேர்த்தால்தான் முழுக்க நீலம். வடிவான நிறம் வேண்டுமெண்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத அழுக்கு வெள்ளையையும் வளவில் வைத்திருக்கவேணும். இதெல்லாம் பிறகு படித்தது.

அந்த நாட்களில் ஒரு மாமி வந்தா. சாம்பல் சேவலைப் பார்த்து "என்ன வடிவு!" எண்டு நின்றா. அதே மூச்சில் எங்களில் பெரியவளைப் பார்த்து, "பிள்ளை வெயிலுக்க திரிஞ்சு நல்லாக் கறுத்துப்போனாள்" எண்டா. அம்மா தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா. எங்களுக்குச் சரியான கோவம், இரவுவரைக்கும் அதையே கதைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமை தவிடும் குருணலும் விலை ஏறிவிட்டது. சேவல்கள் இரண்டும் ஒன்றையொன்று கொத்திக் கிழித்தன. "ரெண்டில ஒண்டு போகட்டும், எது எண்டு நீங்களே சொல்லுங்கோ" எண்டா அம்மா. நாங்கள் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. அழுக்கு வெள்ளை 3000 ரூபாவுக்குக் கறிக்குப் போனது. கால் கட்டித் தூக்கும்போது அது கத்தவில்லை, தலைகீழாகத் தொங்கியபடி எங்களைப் பார்த்தது. அந்தக் காசில் ஒரு பகுதி பிறகு கம்பஸுக்குக் கொண்டுபோக வாங்கிய பைக்குள் போனது.

ஒரு மாதம் கழித்துப் பேடு முட்டையிட்டது. நீலமில்லை, பாசிப் பச்சை. "பழுதாப்போன முட்டை" எண்டு அம்மா தாச்சியில் ஊத்த மாட்டன் எண்டு நின்றா. உடைத்தால் கோதின்ர உள்பக்கம் வெளிர் நீலம்! நீலச் சாயம் கோது முழுக்க ஊறியிருக்கும். மண்ணிறம் கடைசியில் மேலே பூசுப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை.

அதன் பிறகுதான் தம்பி விழுந்து விழுந்து படித்தான். நீல முட்டை ஆட்சியான இயல்பு எண்டு 1933 இல் எழுதியவர் பனற். பயோ படித்த ஆக்களுக்கு அவற்ற நாலு கட்டம் தெரியும். அந்த இயல்பு எப்பிடி வந்தது எண்டு 2013 இல்தான் தெரிந்தது: பழைய வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் மரபணுவுக்குள் புகுந்திருக்கிறது, சீனத்திலும் தென்னமெரிக்காவிலும் தனித்தனியாக. வைரஸ் எண்டாலே கையைக் கழுவிக்கொண்டிருந்த எங்களுக்கு இது கேட்க ஒரு மாதிரித்தான் இருந்தது. இன்னொரு விசயமும் வாசித்தான். சேவல் முட்டை இடாது, அதுக்குள் நீலம் இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லேலாது. ஆனால் அரோக்கானா வழியில், பட்டாணி வரிசை மாதிரித் தாழ்ந்த கொண்டையின் மரபணுவும் நீல முட்டையின்ர மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறபடியால் அநேகமாகச் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும்.

பேட்டுக்கு அந்தக் கொண்டை இருந்தது. சாம்பல் சேவலுக்கு இல்லை, நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை. பழைய படங்களைத் தேடினோம். எல்லாப் படத்திலும் சாம்பல்தான் நடுவில். ஒன்றில் மட்டும் ஓரத்தில் அழுக்கு வெள்ளையின் அரைத் தலை. தாழ்ந்த கொண்டை.

மிச்சம் கெதியில் முடிந்தது. பேடு பதினாலு முட்டை இட்டது. சிலதைத் தின்றோம், சிலதை ஆக்களுக்குக் காட்டக் கொடுத்தோம், "அடைக்கு ஒண்டும் கிடக்கேல்லை, பிறகு வைப்பம்" எண்டு இருந்தோம். ஒரு இரவு மரநாய் கூட்டுக்குள் புகுந்தது.

சாம்பல் சேவலின் பிள்ளைகள் இப்ப வளவெல்லாம் நிற்கின்றன. நீலம் கறுப்பைத்தான் சாம்பலாக்கும், சிவப்பில் வேலை செய்யாது. அதனால் கறுப்பியின் பிள்ளைகளில் பாதி சாம்பல், சிவலையின் பிள்ளைகளுக்கு வாலில் மட்டும் சாம்பல். பார்க்க நல்ல வடிவு. எல்லாம் வழமையான வெளிர் மண்ணிற முட்டைதான் இடுகின்றன. பச்சைக் கோது ஒன்று ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன கிழமை தம்பி கம்பஸுக்குப் போன் எடுத்தான். புள்ளிக்காரி அடைக்கு நிற்கிறதாம். அந்த ஆள் திரும்ப முட்டை விற்கிறாராம், இந்தமுறை 600 ரூபா. தாய்க்கோழியினதும் சேவலினதும் கொண்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவர் அனுப்பியது வாலின் படம்.