அடித்த இரண்டு வரிகள்

கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் பேரேடு பார்த்தே தலை நரைத்தவன். ஆகவே இதைத் தெரியாமல் செய்த பிழை என்று யாரும் மன்னிக்க வேண்டாம். தெரிந்தே செய்தேன். செய்த பிறகு பழியை இன்னொருவர் தலையில் போட்டேன்.

எங்கள் தெருவில் விசைத்தறிக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று சிலர் மாலையில் கூடிப் பேசுவது வழக்கம். ஒரு கார்த்திகையில், பழைய துணி வணிகப் பாதையில் கொல்லம் வரை போய்வரலாம் என்று பேச்சு வந்தது. யோசனை என்னுடையது. மதுரைப் பக்கத்து வணிகர்கள் துணிமூட்டைகளோடு செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளக் கரைக்குப் போன பாதை அது. ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிர மக்கள் இன்றும் பெண்வீட்டாராகப் போகிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டுபோன வணிகர் ஒருவர், காட்டு வழிக்குப் பயந்து மகளைக் கோயிலில் விட்டுப் போனார், அவளை ஐயன் மணந்துகொண்டார் என்பது கதை. பொழுதெல்லாம் தறிச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஒருவர் ரயிலில் போகலாம் என்றார். நியாயமான யோசனை. சங்கரன்கோவில் வழியாகவே கொல்லத்துக்கு ரயில் ஓடுகிறது. 1904-இல் போட்ட மலைப்பாதை, அகல ரயில் பாதையாக்குவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் திரும்பத் திறந்தது. செலவு வேனில் கால்வாசிகூட வராது. நான் வேண்டாம் என்றேன். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்று காரணம் சொன்னேன். உள்ளே இருந்த ஆசை வேறு. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று நான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "வேன்னா தலைக்கு 2,500-க்குக் கொறையாது" என்றார். "கணக்கை என்கிட்ட விடுங்க. 2,000-க்கு முடிச்சுக் காட்டுதேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது.

அன்று இரவு நோட்டை விரித்தேன். வேன் வாடகை 14,000. ஓட்டுநர் பேட்டா 1,600. கொல்லத்தில் ஐந்து அறை, அறைக்கு 1,500 வீதம் 7,500. சாப்பாடு 8,000. நுழைவுக் கட்டணம், படகு என்று 900. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் எழுதினேன். கேரள பர்மிட், வரி 5,500. அவசரத்துக்கு 3,000. கூட்டினால் 40,500. தலைக்கு 2,500-க்கு மேலே போனது. வாத்தியார் சொன்ன கணக்கு.

கடைசி இரண்டு வரிகளையும் அடித்தேன். ஒரு கோடு போதாமல் அழுத்தி அழுத்தி அடித்தேன். பேனா மை தாளின் மறுபக்கம்வரை இறங்கியிருக்கிறது. 32,000. தலைக்குச் சரியாக 2,000.

பர்மிட் விஷயம் எனக்குத் தெரியாதா? தெரியும். வேன் பேசிய முதல் நாளே ஓட்டுநர் சொன்னார். "அண்ணாச்சி, பர்மிட்டு தனி. அங்க சீட்டுக்கு இவ்வளவுன்னு வரி கட்டணும். இப்பமே சொல்லிட்டேன், பொறவு பேச்சு வரக்கூடாது." சரி என்று தலையாட்டினேன். ஐயப்ப சீசனில் கொல்லத்தில் அறை வாடகை ஏறும் என்பதையும் அவரே சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். அவர் எப்படியாவது கையிலிருந்து கட்டிவிடுவார், பிறகு பேசிக் குறைத்துக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு. அவருடைய வேன் தவணையில் ஓடுகிற வேன். அதுவும் எனக்குத் தெரியும்.

விடியுமுன் கிளம்பினோம். வேனில் நான் கொல்லத்துச் செப்பேட்டைப் பற்றிப் பேசினேன். 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்தது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களுக்கு அதில் உரிமைகள் இருக்கின்றன. வரியும் சுங்கமும் அதில் பேசப்படுகின்றன. சாட்சிகள் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவன்கூட வரியைப் பேசி முடித்துவிட்டுத்தான் சரக்கை இறக்கினான் என்று சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். ஓட்டுநரும் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

செங்கோட்டையில், திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பதித்த பழைய நுழைவாயிலுக்கு முன்னால் இறக்கினேன். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததையும், எல்லை மேற்கே நகர்ந்ததையும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, பர்மிட்டுப் பணம்" என்று மெதுவாகச் சொன்னார். கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னேன். என் பேச்சு முடியவில்லை.

புளியரையில் வேன் ஓரமாக நின்றது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, "பர்மிட்டு போடாம தாண்ட முடியாது அண்ணாச்சி" என்றார். இந்த முறை எல்லோர் காதிலும் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இவர் முன்னமே சொன்னார், நான்தான் சேர்க்கவில்லை." இவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்று வந்தது. "இப்ப வந்து பர்மிட்டு தனிங்காரு. முதல்லயே சொல்லாண்டாமா?"

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தறிப் பையன்கள் இரண்டு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். ஏமாற்று வேலை என்றார்கள். கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார்கள், அதை எழுத முடியாது. அவர் மகன் வயதுப் பையன்கள். நான் தடுக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தலைக்கு 350 வசூலித்தேன். தார் சுற்றும் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்தார். பேத்திக்குக் கொல்லத்தில் ஏதாவது வாங்க வைத்திருந்த பணம். மூன்று நூறும் ஒரு ஐம்பதும் எடுத்ததும் முடிச்சில் சில்லறைதான் மிச்சம். மதியம் எல்லோரும் ஓட்டலுக்குள் போனபோது, "எனக்கு இன்னைக்கு விரதம் தம்பி" என்று வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். மேற்கொண்டு காசு கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சாப்பாட்டுக்கு அவர் ஏற்கனவே பணம் கட்டியிருக்கிறார் என்பதைப் போய்ச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். போகவில்லை.

கொல்லத்தில் அறை 2,200. இருந்த பணத்துக்கு மூன்று அறைதான். பெண்களுக்கு இரண்டு. வயதான ஆண்களுக்கு ஒன்று. அதில் எனக்குக் கட்டில் கிடைத்தது. மற்ற ஆண்கள் வேனிலேயே படுத்தார்கள். வேன்தான் ஓட்டுநர் தூங்கும் இடம். அவர் லாட்ஜ் படிக்கட்டில் துண்டை விரித்துக் கொசுக்கடியில் கிடந்தார். மறுநாள் திரும்புகையில், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலத்தைத் தாண்டிய ஒரு வளைவில் வேன் சாலையோரத்துக்குச் சரிந்தது. எதிரே வந்த லாரியின் ஹாரனில்தான் அவர் விழித்தார். நிறுத்தி, இறங்கி, முகம் கழுவினார். வேனில் பதினாறு பேர் இருந்தோம்.

ஊருக்கு வந்ததும் வரவுசெலவைப் படித்துக் காட்டினேன். பர்மிட் வரிக்கு எதிரே, "ஓட்டுநர் முன்கூட்டிச் சொல்லவில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். வாயால் சொன்னது போதாதென்று கையாலும் எழுதினேன். எனக்குக் கைதட்டினார்கள்.

எங்கள் தெருவில் அதற்குப் பிறகு திருச்செந்தூருக்கும் கல்யாணங்களுக்கும் அவர் வேனை யாரும் கூப்பிடவில்லை. பூ மார்க்கெட்டில் ஒருவர் என்னிடமே சொன்னார், "அவன் பர்மிட்டுல ஏமாத்துவாம்லா." ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஓட்டுநரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் முதலில், "சவுக்கியமா அண்ணாச்சி" என்றார். தவணை கட்ட முடியாமல் வேனை இரவில் காய்கறி லோடுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அக்காவிடம் மட்டும் 350-ஐத் திருப்பிக் கொடுத்தேன். "எதுக்கு தம்பி?" என்று கேட்டார். "கணக்கில் மிச்சம்" என்றேன். அதுவும் பொய்.

இப்போது அந்த ஓட்டுநரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "தெருவுல சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். தெருவிலும் நோட்டைக் காட்டிச் சொன்னேன். அடித்த வரிகளை எல்லோரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எழுத்து இன்னும் தெரிகிறது. ஊர் முழுக்கப் பரவிய பொய்க்கு ஒரு தெருவில் சொன்னது போதாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த வேனை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பர்மிட், வரி, சீசன் வாடகை எல்லாவற்றையும் அவர் முதல் நாளே சொன்னார். ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரையே கூப்பிடுங்கள். பர்மிட் பணத்தை முந்தின நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.