உரத்த குரலும் தெளிந்த குரலும்

2022ஆம் ஆண்டு கல்லறைத் திருநாள். மாலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேரனின் தோளைப் பற்றியவண்ணம் வாசலில் வந்து நின்றார்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் பேரை ஏன் வாசிக்காம விட்டுட்டீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, தளர்ச்சியே இருந்தது.

நாம் வாசித்திருந்தோம். குடும்பங்கள் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் அது பதினேழாவது பெயர். தாளை எடுத்துக் காட்டினோம். அவருக்கு எழுத்துத் தெரியாது. "நீங்க சொன்னா சரிதான் சாமி, என் காதுலதான் விழலை" என்று கூறித் திரும்பினார். பேரன் மட்டும் ஒரு கணம் பின்தங்கி, "எனக்கும் விழலை ஃபாதர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஓடினான். அவனுக்கு வயது பன்னிரண்டு. காதில் குறையொன்றும் இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கோவிலில் ஒலிபெருக்கிகள் இல்லாமல் இல்லை. சொற்கள் விளங்கவில்லை என்று எவரேனும் குறை கூறும்போதெல்லாம் நாம் செய்துவந்தது ஒன்றே: ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பது. அதனோடு நம் குரலையும் உயர்த்துவது. குருத்துவக் கல்லூரியில் பயின்ற நாள்களிலேயே நம் குரல் வளத்தைப் பற்றி நமக்குச் சிறிது செருக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் கோவில் நீண்டது, கூரை உயர்ந்தது, தளமோ கல். இத்தகைய கட்டடத்தில் ஒரு சொல் தேய்ந்து மறையுமுன்பே அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. உயிரொலிகள் வலுவானவை, அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்கியிருக்கும். மெய்யொலிகளோ மெலிந்தவை. சகரத்தையும் தகரத்தையும் டகரத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்சுக்கு மேலேதான் இருக்கிறது. முன்னதன் முழக்கம் பின்னதை மூடிவிட்டால், சூசைமுத்து, சவரிமுத்து, மரியமுத்து ஆகிய மூவரும் கடைசி வரிசையைச் சென்றடையும்போது வெறும் 'உத்து' ஆகிவிடுவர். ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். நாம் இத்தனை ஆண்டுகளாய்க் கூட்டிவந்தது தெளிவை அன்று, குழப்பத்தையே.

அவ்வாண்டு இறுதியில் நம் ஊர்த் திரையரங்கு மூடப்பட்டுக் கலியாண மண்டபமாக மாறிற்று. திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு பழைய ஒலிபெருக்கிகளை விறகுக்கடைக்கு அனுப்ப மனமின்றி, உரிமையாளர் நமக்குச் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு பீரோவின் பருமன்; மேலே கறுத்த வாயைத் திறந்தபடி உலோகக் கூம்பு ஒன்று. அருகில் அவ்வரங்கின் பழைய ஆபரேட்டர் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் படக்கருவி அறையில் கழித்தவர். "சாமி, இது சத்தம் போடுற பெட்டி இல்லே, பேசுற பெட்டி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவற்றை ஏற்றுக்கொண்டோம்.

அவை அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தார் செய்தவை. 1945இல் அவர்கள் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்', அதாவது 'அரங்கின் குரல்' என்னும் பெயரில் ஒரு வரிசையை வெளியிட்டனர். அவ்வரிசையைச் சேர்ந்த ஏ7 வகை இது. கீழ்ப்பெட்டியில் 15 அங்குலக் காகிதச் சவ்வு தாழ்ந்த ஒலிகளை எழுப்பும். மேலேயுள்ள கூம்பின் பின்னால் திருகப்பட்ட சிறு உருளைக்குள், ஒன்றே முக்கால் அங்குலக் கம்பிச்சுருளோடு மெல்லிய அலுமினியச் சவ்வு ஒன்று உயர்ந்த ஒலிகளை எழுப்பும்.

கூம்பு எதற்கு என்று நம் பங்கின் பிள்ளைகள் கேட்டனர். நாகசுரத்தின் அடியில் அணசு விரிந்திருப்பது எதற்கோ, வயலில் நிற்பவரை அழைக்கும்போது உள்ளங்கைகளை வாயருகே குவிப்பது எதற்கோ, அதற்கே என்றோம். சிறு சவ்வின் அசைவைப் பெருங்காற்றோடு படிப்படியாக இணைத்துவிடுகிறது அது. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து திரை தமிழில் பேசத் தொடங்கிய காலத்தில், வால்வுப் பெருக்கிகள் தந்தது சில வாட்டுகள் மட்டுமே. அதைக் கொண்டு அரங்கு முழுவதும் கேட்கச் செய்யக் கூம்பையன்றி வேறு வழியில்லை. இன்றும் இப்பெட்டிக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் நூறு டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். வீட்டுப் பெட்டிகள் பல தொண்ணூறைக்கூட எட்டுவதில்லை. அந்தப் பத்து டெசிபலை ஈடுசெய்யப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். நமக்கு இதைவிடப் பயனுள்ள குணம் இன்னொன்றும் உண்டு. இக்கூம்பு பக்கவாட்டில் ஏறத்தாழ 90 பாகையும் மேல்கீழாக 40 பாகையும் ஒலியைப் பரப்பும். ஆகவே சொல் கூரையை நோக்கிச் செல்லாமல் மக்களை நோக்கிச் செல்லும்.

ஆயினும் பெட்டிகளை அப்படியே பயன்படுத்த இயலவில்லை. பெருக்கியிலிருந்து வரும் ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என இரண்டாகப் பிரிக்க, பின்னால் ஒரு பிரிப்பான் இருந்தது. கம்பிச்சுருளும் மின்தேக்கிகளும் கொண்டது. மின்தேக்கிகள் காலத்தால் வறண்டிருந்தன. மேலும், உயர்ந்த ஒலிக்கான பகுதி மற்றதைவிடத் திறன் மிக்கதாகையால், அதை அடக்கி வைப்பதற்காகவே மின்தடைகள் வழியே ஆற்றலை வெப்பமாக வீணடித்தது அந்த அமைப்பு.

நம் பங்கில் மைக்செட் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் வேறு வழி சொன்னார். ஒலியைப் பெருக்கிய பின் பிரிக்காமல், பிரித்த பின் பெருக்குவது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மெல்லிய குறிப்பை முதலில் ஒரு மின்னணுப் பிரிப்பான் இரண்டாக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பெருக்கி. ஒவ்வொரு பெருக்கியும் தன் சவ்வோடு நேரே இணைந்திருக்கும். இடையில் வீணடிப்பு இல்லை. இதனையே ஒலித்துறையினர் 'ஆக்டிவ் இருவழி' என்பர். 800 ஹெர்ட்சை எல்லையாகக் கொண்டோம். 1976இல் லிங்க்விட்ஸ் என்பவர் ரைலியின் துணையோடு வகுத்தளித்த முறைப்படி, எல்லையைத் தாண்டியதும் ஒவ்வோர் எண்மத்துக்கும் 24 டெசிபல் வீதம் ஒலி சரியும்; இரு பாகமும் சேருமிடத்தில் மேடோ பள்ளமோ இராது. பழைய பிரிப்பான்களை எறியாமல், துணியில் சுற்றி, எந்தக் கம்பி எங்கிருந்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்தோம். நமக்குப் பின் வருபவர் மீண்டும் பழையபடி ஆக்க விரும்பினால் அவருக்கு வழி இருக்க வேண்டும் அல்லவா?

ஆபரேட்டர் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றைமட்டும் வற்புறுத்தினார். முன்பு அந்தப் பழைய மின்தேக்கிகளே, வேறு வேலையோடு, மேற்சவ்வுக்குக் காவலாகவும் நின்றன. இப்போது பெருக்கி நேரே இணைகிறது. தாழ்ந்த ஒலியோ மின்சாரம் வந்துபோகும்போது எழும் 'டப்' என்ற அதிர்ச்சியோ உள்ளே புகுந்தால் சவ்வு தாங்காது. ஆகவே 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடரிணைப்பில் காவலாக வைக்க வேண்டும். பதினாறு ஓம் சவ்வுக்கு அது 200 ஹெர்ட்சையொட்டிய எல்லையில் கதவை மூடத் தொடங்கும். நம் 800க்கு இரண்டு எண்மங்கள் கீழே. "திங்கட்கிழமை நான் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் பிளக்கைத் தொடாதீங்க சாமி" என்று சொல்லிப் போனார்.

அன்று 2023 பிப்ரவரி 25, சனிக்கிழமை. மறுநாள் தவக்காலத்து முதல் ஞாயிறு. காலைப் பூசையில் மக்களை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசை நம்மைப் பிடித்துக்கொண்டது. இளைஞர் தயங்கினார். "ஒன்றும் ஆகாது தம்பி" என்றோம். அவர் கம்பிகளை எடுத்துக் கொடுக்க, நாமே பெருக்கியின் பின்னால் குனிந்து சொருகினோம். ஆர்மோனியம் வாசிக்கும் சிறுமியை அழைத்து மின்விசைப்பலகையின் கீழ்க்கட்டைகளை அழுத்தச் சொன்னோம். வலப்புறக் கூம்பிலிருந்து தகரம் கிழிவது போல் ஓர் ஓசை எழுந்தது. பின் அமைதி.

கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. கீழ்ப்பெட்டிக்குரிய ஒலி முழுவதையும் அந்த மெல்லிய சவ்வுக்கு ஊட்டியிருந்தோம். திறந்து பார்த்தபோது அலுமினியத்தில் பிளவு. சுருள் அறுந்து கிடந்தது.

திங்கட்கிழமை பெரியவர் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய நாம், அன்று அவர்முன் நின்று, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவர் அந்த உடைந்த தகட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். தம் பணிக்காலம் முழுவதும் அதற்கு ஒரு கீறல் விழாமல் காத்தவர். பிறகு, "புதுசு வரவழைக்கலாம் சாமி. அந்தத் தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்" என்றார்.

நாம் அவ்விளைஞரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் 'கம்பியை அவர் சரியாக எடுத்துக் கொடுத்திருந்தால்' என்று மனத்துக்குள் பாதிப் பழியை அவர்மீது ஏற்றி வைத்திருந்தோம். பெரியவர் அதை எங்ஙனம் அறிந்தாரோ! அன்று மாலையே இளைஞரின் வீட்டுக்குச் சென்று, தவறு முழுவதும் நம்முடையதே என்று அவருடைய பெற்றோர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

மாற்றுச் சவ்வு நம் சொந்தச் செலவில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஏழு வாரங்கள் ஆயின. பெரியவரே பொருத்தினார். காந்தத்தின் குறுகிய இடைவெளியிலிருந்த தூசியை ஒட்டுநாடாவை மடித்து விட்டு ஒற்றி எடுத்தார். காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுத்துவிடும் என்பதால், இடக்கையால் சவ்வை மறைத்துக்கொண்டே திருகுகளை முடுக்கினார். அதன்பின் காவல் மின்தேக்கிகளை வைத்தார். கம்பிகளில் கீழுக்குச் சிவப்பும் மேலுக்கு வெள்ளையுமாகத் துணிச்சுற்று இட்டார். பெருக்கிகளைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும் என்று கோவிற்பிள்ளைக்குப் பாடம் நடத்தினார்.

இன்னும் ஒரு வேலை எஞ்சியிருந்தது. ஆலிவுட்டில் பேசும்படம் வந்த தொடக்கக் காலத்தில், தாழ்ந்த ஒலிக்கான மடிப்புக் கூம்பு மற்றதைவிடப் பல அடி நீளமாக இருந்ததால், நடனக் காட்சியில் காலடி ஓசை இரட்டையாகக் கேட்டதாம். அக்குறையைக் களைந்து டக்ளஸ் ஷியரர் குழுவினர் அமைத்த ஒலிபெருக்கி, 1936ஆம் ஆண்டுக்கான அகாடமி தொழில்நுட்ப விருதைப் பெற்றது. நம் பெட்டியில் இரு சவ்வுகளுக்கும் இடையே முன்பின்னாக ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வேறுபாடு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு 350 மீட்டர் செல்லும். ஆகவே முன்னால் நிற்பதை அரை மில்லி நொடி தாமதிக்கச் செய்தால் இரண்டும் ஒன்றாய் வந்து சேரும். மின்னணுப் பிரிப்பானில் அதற்கு ஓர் எண்ணை அழுத்தினால் போதும். அழுத்தியபோது நம் குரல் இரண்டு இடங்களிலிருந்து வருவது நின்று, ஒரு மனிதனின் வாயிலிருந்து வருவது போலாயிற்று.

குறை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். பாடகர் மாடத்தின் கீழே இன்றும் சற்று மந்தம்தான். கல்தளமும் உயர்ந்த கூரையும் அப்படியேதான் இருக்கின்றன. ஆயினும் பெருக்கியின் குமிழ் முன்பிருந்ததைவிடப் பாதிக்கும் கீழேயே நிற்கிறது.

2023 நவம்பர் 2. பெயர்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, உரத்துச் சொல்லாமல் வாசித்தோம். அந்தப் பெயர் வந்தபோது தலையை உயர்த்தினோம். பின்வரிசையில் ஒரு மெலிந்த கை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தது.

திருப்பலிக்குப் பின் அவர் வந்து, "இன்னிக்கு மெதுவாத்தானே சாமி பேசினீங்க? எல்லாம் கேட்டுச்சு" என்றார். பெரியவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கோவிலுக்குள் வந்து அமரும் வழக்கம் அவருக்கு இல்லை. அச்செய்தியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். "பேசுற பெட்டின்னு சொன்னேனே" என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதில்லை என்று நம்மிடம் வந்து வருந்தும் பெற்றோர் பலர். அவர்களுக்கு நாம் முன்பெல்லாம் பல அறிவுரைகள் கூறுவது உண்டு. இப்போது, வீட்டில் எவ்வளவு உரக்கப் பேசுகிறீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். குரலை உயர்த்தியே முப்பது ஆண்டுகள் பிரசங்கம் செய்த நாம் அதைக் கேட்கத் தகுதியுள்ளவரா என்று எண்ணும்போது, மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கிறோம். அந்தப் பிளந்த அலுமினியத் தகடு அங்கேதான் இருக்கிறது.