எடை குறையாத காலைகள்: மெரினாவில் கலங்கரை விளக்கம் முதல் உழைப்பாளர் சிலை வரை

காலை ஐந்தரை மணி. மெரினாவில் இன்னும் முழுதாக விடியவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, நடைபாதை ஓரத்தில் ஒரு பெரியவர் எடை பார்க்கும் மெஷினைத் துணியால் துடைத்து வைக்கிறார். ஏறி நின்றால் ஐந்து ரூபாய்.

"நடக்கிறதுக்கு முன்னாடி ஏறுறவங்க கொஞ்சம் பேர்தான். நடந்து முடிச்சிட்டு ஏறுறவங்கதான் அதிகம். ஏறிப் பார்த்துட்டு, 'மெஷின் சரியில்லை'ன்னு என்னையே திட்டிட்டுப் போவாங்க" என்று சிரிக்கிறார்.

அப்படித் திட்டியவர்களில் ஒருவர்தான் மயிலாப்பூரிலிருந்து தினமும் வரும் அந்த 49 வயது இல்லத்தரசி. காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, உடலில் காட்டன் சுடிதார், கையில் தண்ணீர் பாட்டில். நடக்கத் தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. முதல் ஏழு மாதங்களில் மழை நாள்களைத் தவிர ஒருநாள்கூட விட்டதில்லை. இரவு இரண்டே இட்லி. காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ். ஆனால், 78 கிலோவில் தொடங்கிய எடை, ஏழு மாதம் கழித்து 77.

"பட்டினி கிடந்து ஒரு கிலோவா?" என்று அன்றைக்கு அவர் இந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

இப்படி ஒரு கதை மெரினாவில் நடக்கும் பலரிடமும் இருக்கிறது. கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், தினமும் நடக்கிறேன், ஆனாலும் எடை இறங்கவில்லை. ஏன்? இந்தக் கேள்வியோடு கடற்கரையில் ஒருமுறை நடந்து வந்தால், பதிலும் இங்கேயே கிடைக்கிறது.

கவர்னர் போட்ட பாதை

மெரினாவில் உலாவும் பாதையை 1884-ல் அமைத்தவர், அப்போதைய சென்னை கவர்னர் கிராண்ட் டஃப். இத்தாலியின் சிசிலித் தீவை நினைத்துக்கொண்டுதான் 'மெரினா' என்று பெயர் வைத்தார். அவர் நினைத்தது, மாலையில் காற்று வாங்கும் இடம். இன்றைக்கு அது காலையில் வியர்வை சிந்தும் இடமாகவும் ஆகிவிட்டது.

கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே நடந்தால் வலது பக்கம் கடல். காந்தி சிலையைத் தாண்டும்போது வானம் சிவக்கிறது. ஒருவர் கையை வீசி ஓடுகிறார். நான்கு பேர் அரசியல் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். வட்டமாக நின்று பத்துப் பேர் கைதட்டிச் சத்தமாகச் சிரிக்கிறார்கள். அது சிரிப்பு யோகா.

இன்னும் நடந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் விவேகானந்தர் இல்லம். 1842-ல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்ட கட்டடம் இது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது 'ஐஸ் ஹவுஸ்'தான்.

நடைபாதை நெடுக சின்னச் சின்னக் கடைகள். அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, நெல்லிச்சாறு, கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு. 'கொழுப்பைக் கரைக்கும்' என்று அட்டையில் எழுதி வைத்த சாற்றுக்குத்தான் கூட்டம் அதிகம். தாகத்துக்குக் குடிக்கலாம். ஆனால், உடம்பிலிருக்கும் கொழுப்பைக் கரைக்கிற சாறு எதுவும் கிடையாது. பயறு விற்பவரிடம்தான் கூட்டம் குறைவு. உண்மையில் வயிற்றை நிறைத்துப் பசியைத் தாங்கவைப்பது அதுதான்.

பாறையைத் தள்ளும் நான்கு பேர்

கண்ணகி சிலையையும் தாண்டினால் உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம். 1959-ல் திறக்கப்பட்டது. நான்கு பேர் முழு பலத்தையும் திரட்டி ஒரு பாறையை நகர்த்தப் பார்க்கிறார்கள். நடைப் பயிற்சிக்கு வரும் பலரும் இந்தச் சிலையைத் தொட்ட கணக்கில் திரும்பிவிடுவார்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து இங்கே வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்த் திரும்பினால் ஐந்தரை கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்தத் தூரத்தை நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து சேர்த்த இந்தக் கணக்கை, நடை முடிந்ததும் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் பத்தே நிமிடத்தில் அழித்துவிடும்.

"நான் வடையே சாப்பிடுறதில்லையே!" என்றுதான் மயிலாப்பூர் அம்மாவும் சொன்னார். சொன்னது இந்தச் சிலைக்கு அருகில்தான். கேட்டுக்கொண்டிருந்தவர், அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். நடைபாதையில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டரம்மா'.

அன்றைக்கு மயிலாப்பூர் அம்மாவின் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. '30 நாளில் 10 கிலோ' என்று கொட்டை எழுத்தில் ஒரு பவுடர் விளம்பரம். காலை, இரவு இரண்டு வேளையும் சாப்பாட்டுக்குப் பதிலாக அந்தப் பவுடர் மட்டும். பணம்கூட எடுத்து வைத்துவிட்டார். இரண்டு நாள் முன்னால் நடக்கும்போதே தலைசுற்றி உட்கார்ந்ததை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

"இதை வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு வேலை செஞ்சு குடும்மா" என்றாராம் சிஸ்டரம்மா. "ஒண்ணு, டாக்டரைப் பார்த்து தைராய்டு, சுகர், ரத்தசோகை மூணும் பார்த்துடு. ரெண்டு, மூணு நாளைக்கு வாய்ல போடுற எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுது. ருசி பார்க்கிறதையும் சேர்த்து!"

நோட்டு சொன்ன கதை

மூன்றாம் நாள் அந்த நோட்டைப் பார்த்து அவரே அதிர்ந்துபோனார். இட்லியும் ஓட்ஸும் அவர் சொன்ன அளவுதான். ஆனால், சாப்பாடு என்று கணக்கில் வராதவை வரிசையாக இருந்தன. சர்க்கரை போட்ட காபி மூன்று. பையன் மிச்சம் வைத்த அரைத் தோசை. டி.வி பார்க்கும்போது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இட்லிப்பொடிக்கு ஊற்றிய எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் மட்டுமே 120 கலோரி. எல்லாம் சேர்ந்தால் 600-ஐத் தாண்டும். நடந்து செலவழித்ததைப்போல இரண்டு மடங்கு.

அவர் பொய் சொல்லவில்லை. மனித மனசு அப்படித்தான் கணக்குப் போடுகிறது. 'கொஞ்சமாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை' என்று சொன்ன பத்துப் பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 1992-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அது வெளியானது. ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே சாப்பிடுவதாக அவர்கள் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது, சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவிகிதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவிகிதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை ஏறும். பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை இருந்தால் எடை இறங்குவது சிரமம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார். வயது கூடக்கூடத் தசை குறைவதும் ஒரு காரணம். அதனால்தான் முதலில் பரிசோதனை.

மயிலாப்பூர் அம்மாவுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. சர்க்கரைதான் எல்லையில் நின்றது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ1சி 6.3. இது 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அவருடைய அம்மா சர்க்கரை நோயால் பார்வையை இழந்தவர். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசவே இல்லையாம்.

பட்டினிக்கு உடம்பின் பதில்

பவுடரை ஏன் வேண்டாமென்றார் சிஸ்டரம்மா? சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால், உடம்பு அதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது, தசையையும் கரைக்கிறது.

அமெரிக்க டி.வி-யில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்றொரு எடை குறைப்புப் போட்டி பிரபலமாக இருந்தது. அதில் கலந்துகொண்டு ஏராளமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால், ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடம்பு செலவழிக்கும் சக்தி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

ஆகவே, மயிலாப்பூர் அம்மா செய்த முதல் மாற்றம், பட்டினியை விட்டதுதான். காலையில் ஓட்ஸோடு ஒரு முட்டை. மதியம் சோற்றைக் குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டினார். மாலை கடலைக்குப் பதிலாகச் சுண்டல். காபி மூன்று இரண்டானது, சர்க்கரை பாதியானது. வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும். வாரம் 150 நிமிடங்களாவது வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் அளவுதான்.

நொச்சிக்குப்பத்தில் ஒரு கேள்வி

திரும்பி வரும்போது வெயில் முகத்தில் அடிக்கிறது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் ரோட்டில் திரும்பினால் நொச்சிக்குப்பம். 2024-ல் திறக்கப்பட்ட மீன் அங்காடியில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று குரல்கள் எழுகின்றன. மயிலாப்பூர் அம்மாவுக்கு இங்கே வாடிக்கையான ஒரு மீன்கார அக்கா உண்டு.

"நீயாவது செருப்பு மாட்டிக்கினு நடக்கிற. நான் விடியக்காலம் மூணு மணிக்கே எழுந்து காசிமேடு போய் மீன் எடுத்தாறேன். கூடை தூக்குறேன், நாள் முச்சூடும் நிக்கிறேன். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு இந்தத் தொப்பை?" என்று கேட்டு அவரே சிரிக்கிறார்.

நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் ஹட்ஸா என்ற பழங்குடியினர் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். தினமும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளரின் குழு, அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியை அளந்து 2012-ல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! அதிகமாக உழைக்கும்போது, உடம்பு வேறு எங்கேயோ சிக்கனம் பிடித்துக் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம்.

அப்படியென்றால் நடப்பது வீணா? இல்லவே இல்லை. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்கு. நடை தருவது வேறு. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. இதயம் பலப்படுகிறது. நல்ல தூக்கம் வருகிறது. குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதிலும் நடைக்குப் பங்கு உண்டு. இவை எதையும் ஐந்து ரூபாய் மெஷின் காட்டாது.

உழைப்பாளர் சிலையில் இருக்கும் நான்கு பேரும் 1959-லிருந்து தள்ளுகிறார்கள். பாறை ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால், அவர்களின் தோளையும் தொடையையும் பார்த்தால் யாரும் அவர்கள் தோற்றதாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்றைய கணக்கு

14 மாதங்கள் கழித்து மயிலாப்பூர் அம்மாவின் எடை 74. மொத்தமாகக் குறைந்தது நான்கே கிலோ. இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆகியிருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது என்பதால் இன்னும் தூரம் இருக்கிறது. சர்க்கரை அளவு 6.3-லிருந்து 5.8-க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு புள்ளி இறங்கினால் எல்லைக்கு வெளியே.

மணி ஏழரை. எடை மெஷின் பெரியவர் அவரைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு ஏறலையா?"

"மாசத்துக்கு ஒரு தடவை போதும்ணா. இன்னிக்கு டெய்லர் கடைக்குப் போகணும்."

போன தீபாவளிக்குத் தையல் பிரித்துவிட்ட ஜாக்கெட்டுகள் மூன்று. இப்போது தொளதொளவென்று இருக்கின்றன. திரும்பப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். இன்றைக்குத்தான் வாங்க வேண்டும்.