கழுவெளியில் கூட்டம் கூடிய ஆண்டுகள்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஏரிகளெல்லாம் கலங்கல் வழிந்தன. ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. சனங்கள் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பறவைகளை நினைப்பது தகுமா என்று தெரியவில்லை. ஆனாலும் நினைத்தேன். வருகிற ஜனவரியில் கழுவெளி ஏரியில் உள்ளான்கள் எங்கே கால் ஊன்றும்?

இந்தக் கேள்வி மாமாவிடமிருந்து எனக்கு வந்தது. அம்மாவின் தம்பி. மரக்காணத்தில் உப்பு ஏற்றும் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பொங்கல் விடுமுறைக்குப் போனால் என்னை சைக்கிளில் வைத்துக் கழுவெளிக் கரைக்கு அழைத்துப் போவார். ஒருமுறை, அடிவானம் வரை தண்ணீர் மினுங்கிக் கிடந்ததே தவிர பறவைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தன. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழ நல்லா பேஞ்ச வருஷம் இங்க கொறச்சலாத்தான்டா இருக்கும். எல்லா ஏரியிலயும் தண்ணி கெடக்குது, அதுங்க எதுக்கு இங்கியே வந்து நிக்கணும்?”

தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய ஏரி கழுவெளி. ஏரி என்று சொன்னாலும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கேயுள்ள ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, மிச்சத் தண்ணீர் இங்கே வந்து சேரும். எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். தை பிறந்ததும் வற்றத் தொடங்கும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி, நிலம் உப்புப் பூக்கும். நன்னீரும் உவர்நீரும் இப்படி முறைவைத்து மாறுவதால்தான் இங்கே இத்தனை வகைப் பறவைகளுக்கு இரை கிடைக்கிறது. ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் நீர்ப்பரப்பு வேண்டும். கருவால் மூக்கனுக்கு அதன் நீளக் கால் அளவுக்கு ஆழம் போதும். கொசு உள்ளானோ 30 கிராம்கூட எடை தேறாத பறவை. அதன் கால் அளவுக்குச் சேற்றின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும். அதற்கு மேல் நீர் ஏறினால் அந்த இடம் அதற்குப் பயன்படாது.

ஆகவே ஓர் ஆண்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்துவருகிறது. கூட்டத்தில் ஒரு பத்தை முதலில் எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு நூறு, ஆயிரம் என்று அளந்துகொண்டே போக வேண்டும். பாதி எண்ணும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அதே இடம், அதே மாதம், பல பத்தாண்டுகள். அதற்குப் பிறகுதான் மழையின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி ஏதாவது புலப்படும்.

வேடந்தாங்கல் இங்கிருந்து தொலைவில்லை. அங்கே மரங்களில் கூடு கட்டும் நாரைகளை ஊரே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது, வேட்டு வெடிப்பதில்லை. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவையை ஊர் தன் பிள்ளையாகப் பார்க்கிறது. சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற உள்ளானுக்கு அந்த உறவு இங்கே வாய்க்கவில்லை. அதன் கூடு வடதுருவத்தை ஒட்டிய தரையில் இருக்கிறது.

வளைமூக்கு உள்ளானின் கதையைக் கேட்டபோது நான் அசந்துபோனேன். சைபீரியாவின் வடக்கோரத்தில் அது முட்டையிடுகிறது. அங்கே லெம்மிங் என்னும் எலி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏராளமாகப் பெருகும். அந்த ஆண்டு துருவ நரிக்கு எலியே போதும்; உள்ளான் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். எலி அருகிய ஆண்டில் நரி கூடுகளைத் தேடி வரும். துருவத்து எலி பெருகியதா இல்லையா என்பது மரக்காணத்து உப்பளப் பாத்தியில் வந்து நிற்கும் இளம் பறவைகளின் எண்ணிக்கையில் தெரியும். மாமா இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

மாமாவுக்குப் பழங்கதைகளில் பிரியம் அதிகம். திண்டிவனத்துக் கிடங்கில் கோட்டையிலிருந்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுவார். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்பது அவர் கட்சி. அறிஞர்கள் பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் உப்புத் தோணிகள் போன காலத்தையும் விடமாட்டார். சிறுபாணாற்றுப்படையின் பாணர்கள் நடந்து போனபோதும் இந்தக் கழியில் பறவைகள் நின்றிருக்கும். எத்தனை என்று எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

எழுதிவைத்த இடம் கோடிக்கரை. 1959-இல் சாலிம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசை ஆய்வைத் தொடங்கியது. பிறகு கோடிக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். 1980-களில் அங்கே குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த கரைப்பறவைகள் அடுத்த பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்துபோனதை அந்த ஏடுகள் காட்டின. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் அவற்றில் முக்கியமானவை. உப்பளங்கள் பெருகியதும் சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நாடு முழுவதையும் பார்த்தாலும் ஆறுதல் இல்லை. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. 2024-இல் உலகச் செம்பட்டியலில் வளைமூக்கு உள்ளான் அழிவாய்ப்புள்ள இனம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

கழுவெளிக்கு நல்லதும் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இரண்டையும் நான் மனதார வரவேற்கிறேன். ஆக்கிரமிப்புக்கும் இறால் பண்ணைகளுக்கும் வேட்டைக்கும் எதிராக நிற்கச் சட்டத்தின் பலம் வேண்டும். ஆனால் மாமாவின் பேச்சு என்னை விடமாட்டேன் என்கிறது. சரணாலயத்தின் எல்லைக்கல் தண்ணீர் வரும் ஏரிகளைச் சுற்றி நடப்படவில்லை. அவை தூர்ந்து, வேலிக்காத்தான் மண்டி, வரத்துக்கால்வாய் அடைபட்டுப் போனால், ஒதுங்க வேறு இடமில்லாமல் பறவைகள் அத்தனையும் கழுவெளியிலேயே வந்து குவியும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது கொள்ளை அழகாக இருக்கும். அந்த ஆண்டுக் கணக்கில் எண்ணிக்கை உயர்ந்ததாகவும் பதிவாகும். சுற்றுவட்டாரம் முழுவதும் பறவைகள் இழந்த இடம் அந்த எண்ணில் எங்கும் தெரியாது.

மாமா வயதான பிறகு கண் மங்கிவிட்டது. பொங்கலுக்குப் போனால் என்னைத்தான் கேட்பார், கழுவெளியில் எவ்வளவு நிற்கிறது என்று. நான் ஏதாவது ஓர் எண் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: “வீடூர் அணையில பாத்தியா? ஊசுட்டேரியில?” வீடூரும் ஊசுட்டேரியும் வாத்துகள் இடம் மாறிப் போய்ச் சேரும் நீர்நிலைகள் என்பதை அனுபவத்திலேயே அறிந்திருந்தார். ஆகவே ஜனவரியில் கழுவெளியை எண்ணுகிற அதே காலையில் அவ்விரண்டையும், திண்டிவனம், வானூர் வட்டங்களின் ஏரிகளையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்த ஏரியில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். கல்லூரி மாணவர்களும் ஏரிப் பாசன விவசாயிகளும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை இது.